வார்டு எல்லையை மக்களே வரையலாமா? கலிபோர்னியாவின் குடிமக்கள் ஆணையங்கள் இயங்கும் விதம்

கேள்வி: “அமெரிக்காவில் சில ஊர்களில் வார்டு எல்லைகளைக் கவுன்சிலர்களோ அதிகாரிகளோ வரைவதில்லை, சாதாரணக் குடிமக்கள் அடங்கிய ஆணையமே வரைகிறது என்கிறார்கள். அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? எப்படி வரைகிறார்கள்? அங்கேயும் அரசியல் புகுந்துவிடாதா?”

புகும். எந்த வாசல் வழியாகப் புகும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டே போவதுதான் இந்த ஆணையங்களுக்கான சட்டத்தின் பெரும்பகுதி. உறுப்பினர்கள் நல்லவர்களா என்பதை விட, அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள், கடைசிக் கையெழுத்து யாருடையது, அவர்களுக்கு வக்கீலையும் வரைபட நிபுணரையும் யார் அமர்த்தினார்கள் என்ற மூன்றும்தான் முக்கியம். இந்த முறையை உள்ளூர் அளவில் அதிகம் பார்த்த இடம் கலிபோர்னியா என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

முதலில், இது ஏன் தேவைப்பட்டது? அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லாத் தொகுதி எல்லைகளையும் திருத்தியாக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அதைச் செய்வது பதவியில் இருக்கும் கவுன்சிலர்களே. யார் தனக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதை வேட்பாளரே பொறுக்கிக்கொள்கிறார் என்று பொருள். இதற்கு இரண்டு கைவேலைகள் உண்டு. ஒரு சமூகம் திரண்டு வாழும் பகுதியை மூன்று நான்கு தொகுதிகளில் சிதறடித்து எங்கும் பலமில்லாமல் செய்வது ஒன்று. எல்லோரையும் ஒரே தொகுதிக்குள் திணித்து, சுற்றியுள்ள தொகுதிகளில் அவர்கள் குரலே இல்லாமல் செய்வது இன்னொன்று.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) நடந்தது முதல் வகை. அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்தே ஐந்து சூப்பர்வைசர்கள்தான் கவுண்டி முழுவதையும் நிர்வகிக்கிறார்கள். 1981இல் அவர்கள் வரைந்த எல்லைகள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் திரண்டு வாழ்ந்த பகுதியை வேண்டுமென்றே பிளந்துவைத்தன என்று கார்சா வழக்கில் நீதிமன்றம் கண்டது. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எல்லைகள் மாற்றி வரையப்பட்டு, 1991இல் நடந்த தேர்தலில் குளோரியா மொலினா வென்றார். அந்தக் குழுவுக்குத் தேர்வான முதல் லத்தீன் பெண் அவர். இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, அங்கே ஓடிய நோக்கம் கட்சி வெறி அல்ல, இருக்கிற நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்வது. உள்ளூர் எல்லை மோசடி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அதனால் ‘இரு கட்சிக்கும் சம எண்ணிக்கை’ என்று ஆணையம் அமைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்தே இருக்கிற கவுன்சிலர்களைக் காப்பாற்ற முடியும்.

கட்சி ஆதாயத்துக்காக எல்லை வளைப்பது குறித்த புகாரை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ருச்சோ வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே வரைந்த பிறகு வழக்குப் போடலாம் என்று காத்திருப்பதை விட, வரைபவர் யார் என்பதை மாற்றுவதே வழியாகிறது.

கலிபோர்னியாவின் தேர்தல் சட்டம் உள்ளூர் ஆணையங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆலோசனை ஆணையம் வரைபடத்தைப் பரிந்துரைக்கும். கவுன்சில் அதை ஏற்கலாம், மாற்றலாம், குப்பையில் போடலாம். கலப்பு ஆணையம் இரண்டோ அதற்கு மேலோ வரைபடங்களைக் கொடுக்கும். சட்டத்துக்காகத் திருத்த வேண்டியிருந்தால் ஒழிய, கவுன்சில் அவற்றில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். சுயேச்சையான ஆணையம் தானே வரைந்து தானே நிறைவேற்றும். கவுன்சிலுக்கு அதில் ஓட்டே கிடையாது. பெயர்ப்பலகையில் ‘குடிமக்கள் ஆணையம்’ என்று இருந்தாலும் இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் (கவுண்டி வேறு, நகரம் வேறு) கசப்பாகக் கற்றது. 2021இல் அங்கே இருந்தது, அரசியல்வாதிகள் நியமித்த 21 பேர் கொண்ட ஆலோசனை ஆணையம். அது கொடுத்த வரைபடத்தைக் கவுன்சில் மாற்றியது. எந்த வார்டில் எதை வைப்பது என்று மூன்று கவுன்சிலர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் 2021 அக்டோபரில் பேசிக்கொண்ட ஒலிப்பதிவு ஓராண்டு கழித்து வெளியே வந்தது. இனவெறிப் பேச்சும் அதில் இருந்தது. கவுன்சில் தலைவர் நூரி மார்ட்டினஸ் பதவி விலகினார். 2024 நவம்பரில் நகர வாக்காளர்கள் நகரின் அடிப்படைச் சட்டமான சாசனத்தைத் திருத்தி, கவுன்சில் கைவைக்க முடியாத ஆணையத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். பரிந்துரை மட்டும் செய்யும் ஆணையத்தால் வந்த கேடு அது. மக்கள் மாதக்கணக்கில் வந்து சாட்சி சொன்னார்கள், எல்லை வேறொரு அறையில் முடிவானது.

இனி, சுயேச்சையான ஆணையத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை வைத்துப் பார்ப்போம். 2016இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டப்படி 14 உறுப்பினர்கள். விண்ணப்பிப்பவர் அந்தக் கவுண்டியின் வாக்காளராக இருக்க வேண்டும். நியமன நாளுக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் கட்சிப் பதிவை மாற்றியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலிலேயே ஒருவர் எந்தக் கட்சி, அல்லது எந்தக் கட்சியும் இல்லை, என்று பதிவு இருக்கும். ஆணையத்தில் சேர்வதற்காகவே கடைசி நேரத்தில் சட்டையை மாற்றுபவரை இந்த ஐந்தாண்டு விதி தடுக்கிறது. கடைசி மூன்று மாநிலத் தேர்தல்களில் ஒன்றிலாவது வாக்களித்திருக்க வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் அவரோ, அவருடைய நெருங்கிய குடும்பத்தினரோ வேட்பாளராக நின்றிருந்தாலும், கட்சியில் பொறுப்போ சம்பளமோ பெற்றிருந்தாலும், மக்கள் பிரதிநிதியிடம் வேலை பார்த்திருந்தாலும், அரசிடம் பிறருக்காகப் பரிந்து பேசும் பதிவுபெற்ற தரகராக இருந்தாலும் தகுதி போய்விடும்.

தகுதியுள்ள விண்ணப்பங்களிலிருந்து சிறந்த 60 பேரைத் தேர்தல் அதிகாரி பொறுக்குகிறார். அந்தப் பட்டியல் வெளியாகும் வரை, நியமனம் பற்றி எந்த சூப்பர்வைசரிடமும், அவர்களுடைய ஆளிடமும் அவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பட்டியல் 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். ‘இவர் மைத்துனர் போன தேர்தலில் நின்றாரே’ என்று யாராவது காட்டிக்கொடுத்தால், அதிகாரி அவரை நீக்கலாம். பிறகு ஐந்து தொகுதிக்கும் தனித்தனியாகப் பிரித்து, கவுண்டித் தணிக்கையாளர் பகிரங்கக் கூட்டத்தில் குலுக்கல் போடுகிறார். தொகுதிக்கு ஒருவராக ஐந்து பேர், மீதமிருப்போரிலிருந்து மூன்று பேர், ஆக எட்டுப் பேர். இந்த எட்டுப் பேர் கூடி, குலுக்கல் இல்லாமல், விண்ணப்பங்களைப் படித்து மேலும் ஆறு பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த ஆறு இடங்கள் குலுக்கலின் குறையைச் சரிக்கட்டத்தான். குலுக்கலில் எட்டுமே ஒரே இனத்தவராகவோ, எல்லோரும் கடற்கரைப் பக்கத்துக்காரர்களாகவோ விழுந்துவிடலாம். கட்சி வாரியாக உறுப்பினர் எண்ணிக்கை கவுண்டியின் வாக்காளர் விகிதத்தை முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இது புதிதாகத் தோன்றத் தேவையில்லை. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூரில் குடவோலை எழுதிப் போட்டபோதும் தகுதியின்மைப் பட்டியல்தான் நீளம்: கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் ஓலையில் பெயர் எழுத முடியாது, சமீபத்தில் வாரியத்தில் இருந்தவரும் முடியாது. குலுக்கல் பாரபட்சத்தை எடுக்கும். குடத்துக்குள் எந்த ஓலை போகலாம் என்ற விதிதான் தரத்தைக் காக்கும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை.

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரமும் 2012இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய திருத்தத்தின்படி ஏறக்குறைய இதே அச்சில் 14 பேரை எடுக்கிறது: 60 பேர் பட்டியல், எட்டுப் பேர் குலுக்கல், எட்டுப் பேர் தேர்ந்தெடுக்கும் ஆறு பேர். அங்கே விண்ணப்பங்களைச் சலிப்பவர்கள் தணிக்கையாளர்கள் மூவர்.

உறுப்பினரான பிறகும் கட்டுப்பாடு உண்டு. பதவிக் காலத்தில் சூப்பர்வைசர் தேர்தலில் யாருக்கும் ஆதரவு தரக் கூடாது, பணம் கொடுக்கக் கூடாது, தன்னார்வலராகக்கூடப் போகக் கூடாது. நியமனத்திலிருந்து ஐந்தாண்டு தேர்தலில் நிற்கக் கூடாது. தனக்கான தொகுதியைத் தானே வெட்டிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? எந்த முடிவுக்கும் 14இல் ஒன்பது ஓட்டு வேண்டும். எட்டுக்கு ஆறு என்று ஒரு கோஷ்டி எல்லையைத் திணிக்க முடியாது.

இவ்வளவு செய்தும் ஒரு ஓட்டை இருக்கிறது: விண்ணப்பிப்பவர்கள் யார்? இரவு நேரக் கூட்டம், சனிக்கிழமைக் கூட்டம், கடைசி இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று உழைப்பு கேட்கும் வேலை இது. ஓய்வு பெற்றவர், சொந்த வீட்டுக்காரர், வக்கீல், பேராசிரியர் ஆகியோரே எளிதாக விண்ணப்பிப்பார்கள். இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பவர் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். ஒரு வார்டிலிருந்து பத்துப் பேரும் இன்னொன்றிலிருந்து நூறு பேரும் வந்தால், அந்தப் பத்துக்குள் தரம் பார்க்க இடமே இருக்காது. இதற்குத் தெரிந்த மருந்துகள் மூன்று: கௌரவமான படிக்காசு, குழந்தை பார்த்துக்கொள்ளும் செலவு, தேர்தல் அலுவலகத்தின் விளம்பரம் சென்றடையாத இடங்களான தேவாலயம், மசூதி, தொழிற்சங்கம், சமூகக் கல்லூரி ஆகியவற்றின் வழியாக ஆள் தேடுதல். விண்ணப்பக் காலத்தை இரண்டு மாதத்துக்குக் குறைத்தால் இந்த மூன்றும் பலிக்காது.

அடுத்த வாசல் பணியாளர்கள். 14 குடிமக்களுக்குக் கணினி வரைபடம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வரைபட நிபுணர் ஒருவர், வாக்குரிமைச் சட்டம் (சிறுபான்மையினரின் வாக்கு வலுவைக் காக்கும் மத்தியச் சட்டம்) தெரிந்த வக்கீல் ஒருவர், வாக்களிப்பில் இனப் பிளவு இருக்கிறதா என்று கணக்கிடும் புள்ளியியல் ஆள் ஒருவர், மொழிபெயர்ப்பாளர்கள், கூட்டங்களை நடத்தும் செயலர், இவ்வளவு பேர் தேவை. வக்கீலை ஆணையமே அமர்த்த வேண்டும். நகராட்சியின் சட்ட அதிகாரியையே வைத்துக்கொண்டால், அவருக்குச் சம்பளம் தருவது கவுன்சில். கவுன்சிலின் வசதிக்கு எதிரான ஆலோசனையை அவர் தரும்போது நெருடல் வரும். நிபுணர்களை அமர்த்தும் ஒப்பந்தப் புள்ளிக்கே மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். இதைத் தாமதமாகத் தொடங்கிய ஆணையங்கள், நிபுணர் கொண்டுவந்த முதல் வரைபடத்தையே திருத்தித் திருத்தி ஒப்பேற்ற வேண்டி வந்துவிடும். குடிமக்கள் ஆணையம் என்ற பெயரில் ஆலோசகர் வரைபடம் நிறைவேறுவது இப்படித்தான்.

தரவு பற்றி ஒரு குறிப்பு. 2020 கணக்கெடுப்பின் தொகுதித் தரவு 2021 மார்ச் 31க்குள் வந்திருக்க வேண்டியது, கொரோனாவால் ஆகஸ்ட் 12 அன்றுதான் வந்தது. கலிபோர்னியாவில் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. சிறைக் கைதிகளைச் சிறை இருக்கும் ஊரில் எண்ணாமல், கடைசியாக வாழ்ந்த முகவரியில் சேர்த்து எண்ண வேண்டும். இல்லையென்றால் சிறைச்சாலை இருக்கும் வார்டுக்கு ஓட்டே போடாத சில ஆயிரம் பேர் இலவசக் கனமாகச் சேர்ந்துவிடுவார்கள். இந்தத் திருத்திய தரவு பெர்க்லியில் உள்ள மாநிலத் தரவு மையத்திலிருந்து செப்டம்பரில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குக் கெடு டிசம்பர் 15. ஒரு கோடிப் பேரை ஐந்து தொகுதியாகப் பிரிக்கக் கையில் இருந்தது மூன்று மாதம்கூட இல்லை. இன்னொன்று: 2020இல் தனிநபர் அந்தரங்கம் காக்க, கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதியான பிளாக் அளவிலான எண்ணிக்கையில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கலந்தது. ஆகவே ‘இந்தத் தெருவில் 43 பேர்’ என்று ஒரு பிளாக்கை நம்பி வாதாடுவதில் பொருளில்லை; வார்டு அளவில் கூட்டினால்தான் எண் சரியாக நிற்கும்.

வரையும் விதிகளுக்கு வரிசை உண்டு. மேலே உள்ள விதிக்காகக் கீழே உள்ளதை விட்டுக்கொடுக்கலாம், தலைகீழாகச் செய்யக் கூடாது. முதலில் மக்கள்தொகை சமன், வாக்குரிமைச் சட்டம், தொகுதி துண்டாகாமல் தொடர்ச்சியாக இருத்தல், நகரம், குடியிருப்பு, ஒத்த நலன் கொண்ட சமூகம் ஆகியவற்றைப் பிளக்காமல் வைத்தல், கடைசியாகக் கச்சிதம். கச்சிதம் என்றால் வட்டமாக, சதுரமாக இருக்க வேண்டும் என்பதல்ல. பக்கத்தில் இருக்கும் மக்களைத் தாண்டிப்போய்த் தூரத்து மக்களைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். பதவியில் இருப்பவரின் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கவே கூடாது.

மக்கள்தொகைச் சமனில் பலரும் தடுமாறுவார்கள். உள்ளூர்த் தொகுதிகளுக்கு மொத்த விலகல் பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நீதிமன்றம் பொதுவாக ஏற்கும். லாங் பீச் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 2020 கணக்கெடுப்பில் 4,66,742 பேர், வார்டு ஒன்பது. சராசரி வார்டுக்கு 51,860. மிகப் பெரிய வார்டு சராசரியை விட 6.1 விழுக்காடு அதிகம், மிகச் சிறியது 3.2 விழுக்காடு குறைவு என்றால் மொத்த விலகல் 9.3, எல்லைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வார்டும் ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்பது தவறான புரிதல். அதே நேரம் இந்தப் பத்து இலவச அனுமதியும் அல்ல. விலகலுக்கு ஒரு காரணம் பதிவாகியிருக்க வேண்டும். குடியிருப்பைப் பிளக்காமலிருக்க, ஆற்றைத் தாண்டாமலிருக்க என்பது போல.

லாங் பீச்சைச் சொன்னது வேறொரு காரணத்துக்காகவும். தங்கள் நாட்டில் கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி 1975க்குப் பின் வந்த கம்போடியர்கள் அந்நகரின் நடுவே பெரிய சமூகமாக வாழ்கிறார்கள். அனாஹைம் தெருவில் அட்லாண்டிக் அவென்யூ முதல் ஜுனிப்பெரோ அவென்யூ வரையுள்ள பகுதிக்கு 2007இல் ‘கம்போடியா டவுன்’ என்று நகரமே பெயரிட்டது. ஆனால் வார்டு வரைபடத்தில் அந்த இடம் நான்கு துண்டு. ஒரு தெருவிளக்கு, ஒரு பூங்கா, ஒரு கெமர் மொழிப் படிவம் கேட்பதற்கு எந்தக் கவுன்சிலரிடம் போவது? நால்வரிடமும் போகலாம், நால்வருக்கும் அவர்கள் ஓட்டு அவசியமில்லை. 2018இல் நகர வாக்காளர்கள் 13 பேர் கொண்ட சுயேச்சையான ஆணையத்தை ஏற்றார்கள். 2021இல் அந்த ஆணையத்தின் முன் கம்போடியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பேசினார்கள். புதிய வரைபடத்தில் கம்போடியா டவுன் ஒரே வார்டுக்குள் வந்தது.

அவர்கள் பேசியது ஏன் எடுபட்டது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. ‘எங்கள் சமூகத்தைப் பிரிக்காதீர்கள்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால் ஆணையம் அனுதாபப்படும், ஆனால் கோடு போட முடியாது. பயன்படும் சாட்சியத்தில் நான்கு விஷயம் இருக்கும்: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைத் தெருக்களின் பெயர், இந்தப் பகுதியை ஒன்றாக்குவது எது (மொழி, பள்ளி, கோயில், வாடகை வீட்டு நிலை, வெள்ளம், தொழிற்சாலைப் புகை), நகராட்சியிடம் இவர்கள் கேட்பது என்ன, ஆள் எண்ணிக்கை சமமாகாமல் போனால் எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கலாம். நான்காவதைப் பெரும்பாலானோர் சொல்வதே இல்லை. வரைபவருக்கு அதைவிட உதவும் தகவல் வேறில்லை. இலவசமாகக் கிடைக்கும் ‘டிஸ்ட்ரிக்டர்’ போன்ற இணையக் கருவியில் எல்லையை வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. கட்சியோடோ வேட்பாளரோடோ உள்ள உறவைச் சமூகத்தை ஒன்றாக்கும் காரணமாகச் சொன்னால் அது சட்டப்படி கணக்கில் வராது.

வரையும் கூட்டம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். பெரிய திரையில் நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு வார்டும் ஒரு நிறம். பக்கத்தில் ஒரு அட்டவணை: மக்கள்தொகை, விலகல் விழுக்காடு, வாக்களிக்கும் வயதுள்ள குடியுரிமையாளர்களில் இன்னின்ன இனத்தவர் எவ்வளவு. ஓர் உறுப்பினர், “இந்த நாலு தெருவை நாலாம் வார்டிலிருந்து ஆறுக்குக் கொடுங்கள்” என்கிறார். நிபுணர் மவுஸால் அந்த பிளாக்குகளைச் சுற்றி வளைக்கிறார், நிறம் மாறுகிறது. ஆறாம் வார்டு 700 பேர் கூடி மேலே போகிறது, நாலாம் வார்டு அடிமட்டத்தைத் தாண்டிச் சிவப்பாகிறது. அதைச் சரிக்கட்ட ஐந்திலிருந்து 700 பேர் வாங்க வேண்டும். ஐந்தில் வாங்கினால் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள பகுதி பிளவுபடும். அதற்கு அந்தப் பகுதிக்காரர் ஒலிவாங்கி முன் எழுந்து நிற்பார். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கும். இதை மக்கள் நேரடியாகப் பார்ப்பதுதான் இந்த முறையின் பெரிய பலம் என்பேன். தன் தெரு ஏன் மாறியது என்று கேட்பவருக்கு, எந்த நிமிடத்தில் என்ன காரணத்துக்காக மாறியது என்று ஒளிப்பதிவைக் காட்டலாம்.

இதற்காகவே கூட்டங்களுக்கும் சட்டம் அளவு வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் கோடு போடுவதற்கு முன்பே குறைந்தது ஏழு கூட்டம், தொகுதிக்கு ஒன்றாவது. வரைவு வெளியான பின் குறைந்தது இரண்டு. மற்ற நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும், ஆணையம் இல்லாவிட்டாலும்கூட, 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2021 சுற்றில் குறைந்தது நான்கு கூட்டம் கேட்டது. அவற்றில் ஒன்று சனி, ஞாயிறிலோ மாலை 6 மணிக்கு மேலோ இருக்க வேண்டியிருந்தது. முன்கூட்டிக் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டியிருந்தது.

இனி, எங்கே பிசகும்? ஆள் எடுப்பில் சுயேச்சை குறைந்தால் முதலில் பிசகும். சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் ஒன்பது பேர் குழு. மேயர் மூவர், கவுன்சில் மூவர், தேர்தல் ஆணையம் மூவர் என நியமனம். வரைபடத்தைத் தானே நிறைவேற்றும் அதிகாரம் இருந்தது, நியமனம்தான் அரசியல்வாதிகள் கையில். விடிய விடியக் கூட்டம் நடந்தது. ஏப்ரல் 15 கெடுவுக்கு முந்தைய நாள் இரவு தங்கள் வரைபடத்தைத் தாங்களே ஐந்துக்கு நான்கு என்று தோற்கடித்தார்கள். கெடு தாண்டி, ஏப்ரல் 28 அன்று அதே ஐந்துக்கு நான்கில் ஒன்று நிறைவேறியது. விடியற்காலை மூன்று மணிக்கு எடுக்கும் முடிவில் சாட்சி சொன்னவர் யாரும் அறையில் இருக்க மாட்டார். கூட்டத்துக்கு முடிவு நேரம் வைப்பதும் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே ஓட்டெடுப்பு வைப்பதும் சின்ன விஷயம்போலத் தெரியும். செய்யாத இடங்களில் இதுதான் நடக்கும்.

இரண்டாவது, முடிச்சு விழுதல். வர்ஜீனியாவில் மாநில அளவில் எட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள், எட்டுக் குடிமக்கள் என்று கலந்து அமைத்தார்கள். 2021இல் ஒரு வரைபடத்திலும் உடன்பட முடியாமல் போய், கடைசியில் மாநில உச்ச நீதிமன்றமே வரைய வேண்டியதாயிற்று. சரிபாதிப் பிரிவு, அதிலும் அரசியல்வாதிகளை உள்ளே உட்கார வைத்த சரிபாதிப் பிரிவு, முடிச்சுப் போடவே பிறந்தது.

மூன்றாவது, இனக் கணக்கு. இதுதான் மிகக் கடினம். சிறுபான்மையினரின் ஓட்டைச் சிதறடிக்கவும் கூடாது. இனம் ஒன்றையே அளவுகோலாக வைத்துக் கோடு போடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாதை ஒற்றையடிப் பாதை. 1986 முதல் நீதிமன்றங்கள் மூன்று கேள்வி கேட்டு வந்தன: அந்தக் குழு ஒரு தொகுதியில் பெரும்பான்மை ஆகும் அளவுக்குப் பெரிதாகவும் நெருக்கமாகவும் வாழ்கிறதா? ஒருமித்து வாக்களிக்கிறதா? மற்றவர்கள் எதிர்த்து வாக்களித்து அதன் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்கிறார்களா? இதற்கான விடை தேர்தல் முடிவுகளை அலசினால்தான் வரும், ஊகத்தில் வராது. மிச்சிகன் மாநிலத்தின் 13 பேர் ஆணையம் உண்மையிலேயே சுயேச்சையானது. அதன் நோக்கத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் டெட்ராய்ட் பகுதியில் கறுப்பின மக்களின் விழுக்காடு இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று ஆலோசகர்கள் சொன்னதைப் பின்பற்றி வரைந்தது. இனமே முதன்மை அளவுகோலாகிவிட்டது என்று 2023 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் 13 சட்டமன்றத் தொகுதிகளை ரத்து செய்தது. தவறான நோக்கம் இல்லாமலேயே தவறான வரைபடம் வரும். ஆய்வு அறிக்கையை உறுப்பினர்களே படித்து, வக்கீலைக் குறுக்குக் கேள்வி கேட்டு, காரணத்தைப் பதிவு செய்திருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.

யாரும் பேசாத ஒரு சிக்கலும் உண்டு: வார்டு எண். பல ஊர்களில் கவுன்சிலர் பதவி நான்காண்டு. ஒற்றைப்படை வார்டுக்கு ஒரு தேர்தல், இரட்டைப்படை வார்டுக்கு இரண்டாண்டு கழித்து. எல்லை மாறி ஒரு தெரு ஒற்றையிலிருந்து இரட்டைக்குப் போனால், அங்கே இருப்பவர்கள் கடைசியாக ஓட்டுப் போட்டதிலிருந்து ஆறாண்டு காத்திருக்க நேரலாம். வரைபடம் முடிந்த களைப்பில் எண்களைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடுவார்கள். எத்தனை பேர் இப்படித் தள்ளிப்போகிறார்கள் என்று கணக்கிட்டு, அந்த எண்ணிக்கை குறைகிற விதமாக எண் கொடுக்க வேண்டும்.

நம் ஊர் முறையோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி வார்டுகளை 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில் அதிகாரிகள் அடங்கிய மறுவரையறை ஆணையம் பார்க்கிறது. வரைவு வெளியிட்டு ஆட்சேபணை பெறுவார்கள். கவுன்சிலர்கள் தாங்களே வரைவதில்லை என்ற வகையில் இது அமெரிக்காவின் பல ஊர்களை விட மேல். ஆனால் வார்டு எல்லைச் சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ, 243-இசட்ஜி பிரிவுகள் தடை போடுகின்றன. அப்படியானால், வரைவுக் கட்டத்தில் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணைதான் முதலும் கடைசியுமான வாய்ப்பு. மேலே சொன்ன நான்கு அம்ச சாட்சியம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கலிபோர்னியாவிலும் எல்லா ஊரிலும் இது வந்துவிடவில்லை. பெரிய கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் சுயேச்சையான ஆணையத்தைக் கட்டாயமாக்கும் மசோதா 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும், ஆளுநர் நியூசம் செலவைக் காரணம் காட்டிக் கையெழுத்திடவில்லை. செலவு உண்மைதான், ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் செலவு அது. 2025 நவம்பரில் மாநில வாக்காளர்கள் நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மட்டும், 2030 வரை, மாநில ஆணையத்தின் வரைபடத்தை ஒதுக்கிவைத்தார்கள். அது உள்ளூர் ஆணையங்களைத் தொடவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘ஆணையமே போய்விட்டது’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

உங்களில் யாராவது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் குடியுரிமை பெற்று வாக்காளராக இருந்தால் ஒன்று சொல்வேன். அடுத்த ஆணையம் 2030 டிசம்பர் 31க்குள் அமைய வேண்டும். நியமன நாளிலிருந்து பின்னோக்கி ஐந்தாண்டு கட்சிப் பதிவு மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், அந்தக் கணக்கு இப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் பதிவை மாற்றாதீர்கள், மாநிலத் தேர்தல்களைத் தவறவிடாதீர்கள், 2020ஆம் ஆண்டு விண்ணப்பதாரர் பட்டியலை எடுத்து, தேர்வானவர்கள் தங்கள் அனுபவத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவையுங்கள்.